காபித் தீவிலிருந்து வந்த குவர்னர்

ஏற்காட்டு வாழவந்திப் பக்கத்துக் காபித் தோட்டங்களைப் பற்றி எழுத உட்காரும் எவரும் காக்பர்னில்தான் தொடங்குவார்கள். எம்.டி. காக்பர்ன் 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்தவர். சேர்வராயன் மலையில் காபியை ஊன்றியவர் என்று பெயர் பெற்றவர். ஏற்காட்டின் தந்தை என்று அவரை அழைப்பது இன்று ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. ஆனால் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி எதற்காக மலையேறிச் செடி நட வேண்டும்? துணியும் மிளகும் வாங்கிக் கப்பலில் ஏற்ற வந்த கம்பெனி, நிலத்தை அளந்து, வரி விதித்து, எந்த மண்ணில் எது விளையும் என்று சோதித்துப் பார்க்கும் அரசாக எப்போது மாறியது? காக்பர்னுக்கு அந்த அதிகாரம் 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை வழியாக வந்தது. திப்புவிடமிருந்து சேலமும் பாரமகாலும் ஆங்கிலேயர் கைக்கு மாறிய உடன்படிக்கை அது. வணிகன் நிலக்காரனாக மாறும் கதை மட்டும் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே தமிழ்க் கடற்கரையில் தொடங்கிவிட்டது. தொடங்கிவைத்தவர் இந்த மலையை மிதித்தே இராத ஒரு பிரெஞ்சுக்காரர். பியேர் பெனுவா துய்மா என்ற அந்த மனிதர் புதுச்சேரியில் 1735 முதல் 1741 வரை குவர்னராக இருந்தார். அவரும் காபி வழியாகத்தான் அங்கே வந்து சேர்ந்தார்.

துய்மாவை நம் பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. லெனுவாருக்குப் பின், துப்ளெக்ஸுக்கு முன், நாணயச் சாலையும் காரைக்காலும் வாங்கியவர், அவ்வளவுதான். புதுச்சேரியில் அவர் பெயரில் ஒரு வீதி இருக்கிறது, அதில் நடப்பவர்கள் அவரைத் தேடுவதில்லை. துப்ளெக்ஸின் பெருநாடகத்துக்கு மேடை துடைத்து வைத்த ஆள் என்பதே அவரைப் பற்றிய பொதுவான எண்ணம். இது தலைகீழான வாசிப்பு என்று நினைக்கிறேன். துய்மாவின் புதுச்சேரி ஆண்டுகளை துப்ளெக்ஸின் முன்னுரையாகப் படிக்காமல், துய்மாவின் சொந்த வாழ்க்கையின் தொடர்ச்சியாகப் படித்தால் வேறு படம் கிடைக்கிறது. புதுச்சேரிக்குக் குவர்னராக வருமுன் எட்டு ஆண்டுகள் அவர் இந்தியப் பெருங்கடலில் பூர்போன் தீவை, அதாவது இன்றைய ரெயூனியனை, ஆண்டவர். கப்பல் வருமானத்தை நம்பி ஒரு குடியேற்றம் நிலைக்காது, நிலமும் நிலத்தோடு சேர்ந்த அதிகாரமும் வேண்டும் என்ற கணக்கு அங்கேதான் அவருக்குப் பழக்கமானது. அந்தக் கணக்கைச் சோழமண்டலக் கரையில் போட்டுப் பார்த்ததுதான் அவருடைய ஆட்சி.

பூர்போனில் அவர் பார்த்தது என்ன? 1715-இல் அரபுக் கரையின் மோக்காவிலிருந்து காபிக் கன்றுகள் அந்தத் தீவுக்கு வந்தன. அதுவரை பூர்போன் என்பது கப்பல்கள் தண்ணீரும் இறைச்சியும் ஏற்றிக்கொண்டு போகும் ஒரு நிறுத்தம். பிரெஞ்சுக் கம்பெனிக்கு அதனால் செலவுதான். 1723-இல் பிரான்சில் காபி விற்கும் ஏகபோகம் கம்பெனி கைக்கு வந்ததும் தீவின் மதிப்பு மாறியது. நிலம் வாங்கியவர் காபி வைக்காவிட்டால் நிலத்தைத் திரும்பப் பெறுவோம் என்று மிரட்டும் அளவுக்குக் கட்டாயம் வந்தது. விளைந்ததைக் கம்பெனி தான் வைத்த விலைக்கு எடுத்துக்கொண்டது. துய்மா 1727-இல் குவர்னராக இறங்கியபோது இந்த இயந்திரம் சுழலத் தொடங்கியிருந்தது. அதை ஓட்டும் வேலை அவருடையது. ஓட்டியது யாருடைய உடம்பால் என்பதையும் சொல்லியாக வேண்டும். மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், இந்தியாவிலிருந்து விற்கப்பட்டவர்களும் சேர்ந்து, அந்தத் தோட்டங்களில் உழைத்தார்கள். தப்பி மலைக்காட்டுக்குள் போனவர்களைத் துப்பாக்கியோடு வேட்டையாடுவது தீவின் நிர்வாகத்தில் ஒரு துறை மாதிரியே நடந்தது. கட்டட வேலைக்குப் புதுச்சேரியிலிருந்து கொத்தர்களும் தச்சர்களும் பூர்போனுக்கும் மொரீசியஸுக்கும் அனுப்பப்பட்டதும் 1720-களின் இறுதியில், இவர் காலத்தில்தான். மொரீசியஸிலும் ரெயூனியனிலும் தமிழர் வரலாற்றை 19-ஆம் நூற்றாண்டின் கரும்புக் கூலியிலிருந்து தொடங்குவது வழக்கம். நூறாண்டு முன்னதாகவே தொடங்க வேண்டும்.

இந்த எட்டு ஆண்டுகளில் ஒரு நிர்வாகிக்கு என்ன பழக்கம் ஏற்படும்? துறைமுகக் கிடங்கில் உட்கார்ந்த அதிகாரி எத்தனை மூட்டை வந்தது, எத்தனை போனது என்று எண்ணுவார். பூர்போன் குவர்னர் எண்ணியது வேறு: எத்தனை ஏக்கர், எத்தனை கை, எத்தனை துப்பாக்கி. விளைச்சலும் அதைக் காக்கும் ஆயுதமும் அவருக்கு ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். துய்மா 1713-லேயே இளைஞராகப் புதுச்சேரிக்கு வந்து கம்பெனி வேலையில் ஏறியவர் என்பதால் தமிழ்க் கரையின் வணிகத்தை ஏற்கெனவே அறிந்தவர். 1735-இல் லெனுவாரின் இடத்துக்குத் திரும்பி வந்தபோது ஊர் புதிதில்லை, பார்வை மட்டும் புதிது.

அன்றைய புதுச்சேரியின் நோய் என்னவென்றால் வெள்ளி. லோரியான் துறையிலிருந்து கிளம்பும் கப்பல் ஸ்பானிய வெள்ளியைக் கொண்டுவந்தால்தான் நெசவாளருக்கு முன்பணம். முன்பணம் போனால்தான் துணி. துணி இருந்தால்தான் கப்பல் நிரம்பித் திரும்பும். ஒரு கப்பல் பருவம் தவறினால் சாவுகாரிடம் வட்டிக்குக் கை நீட்ட வேண்டும். வந்த வெள்ளியும் அப்படியே செல்லாது. வேறொருவருடைய நாணயச் சாலையில் கொடுத்து ரூபாயாக மாற்றக் கூலியும் நட்டமும் தர வேண்டும். மானாவாரி வெள்ளாமைக்காரன் வானத்தைப் பார்ப்பது போலக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்த குடியேற்றம் அது. துய்மா வந்த மறு ஆண்டே, 1736-இல், ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலியிடமிருந்து, முகலாயப் பேரரசர் முகம்மது ஷாவின் ஒப்புதலோடு, புதுச்சேரியிலேயே ரூபாய் அச்சடிக்கும் உரிமை கிடைத்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 6-ஆம் தேதி தன் நாட்குறிப்பைத் தொடங்கிய ஆனந்தரங்கப் பிள்ளைக்கு அது ஊரின் தலையாய செய்தி. யார் யாருக்கு எவ்வளவு நசர், அதாவது காணிக்கை, போனது என்பதில் அந்த வணிகரின் கண் ஊன்றி நிற்கிறது.

அந்த ரூபாயை ஒரு முறை கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது. பழைய நாணயம் சேர்ப்பவர்களிடம் இன்றும் கிடைக்கும். பிரெஞ்சு எழுத்து ஒன்றுகூட இல்லை. பாரசீகத்தில் பேரரசரின் பெயர், அவர் ஆட்சியேறிய ஆண்டுக் கணக்கு, அச்சடித்த ஊர் என்று ஆற்காடு. புதுச்சேரி என்ற பெயரே கிடையாது. கூர்ந்து பார்த்தால் எழுத்துகளுக்கு நடுவே ஒரு சிறு பிறை இருக்கும். அதுதான் பிரெஞ்சுச் சாலையின் அடையாளம். கம்பெனியின் வெள்ளி பேரரசரின் பெயரோடு சந்தைக்குப் போகிறது, மாற்றுக் கூலி கம்பெனிக்கே மிஞ்சுகிறது, பிற வணிகர்களின் வெள்ளியை அடித்துக் கொடுத்தால் அதிலும் லாபம். அரசன் என்று பெயர் போட்டுக்கொள்ளாமல் அரசனுடைய ஒரு வருமானத்தை வாங்கிக்கொண்ட இந்த ஏற்பாட்டில் துய்மாவின் கைத்தடம் அப்படியே இருக்கிறது.

காரைக்கால் இதைவிடத் துலக்கமான சான்று. 1736-இல் துக்கோஜி இறந்தபின் தஞ்சை மராட்டிய அரியணையில் யாரும் நிம்மதியாக உட்காரவில்லை. விரட்டப்பட்ட சாகுஜி 1738-இல் துய்மாவின் உதவியைக் கேட்டார். பணமும் கருவியும் கொடுத்தால் காரைக்காலையும் கருக்களாச்சேரிக் கோட்டையையும் சுற்றுக் கிராமங்களையும் தருவதாகச் சொன்னார். விலை 40,000 சக்கரம் என்று பேசி முடித்தார்கள். அரியணை திரும்பக் கிடைத்ததும் சாகுஜி வாக்கு மாறினார். நாகப்பட்டினத்திலிருந்த டச்சுக்காரர்கள் பக்கத்துத் துறையில் பிரெஞ்சுக்காரரை விடுவார்களா, அவர்களும் அழுத்தினார்கள். இங்கே துய்மா செய்ததைக் கவனிக்க வேண்டும். கப்பல் படையை அனுப்பவில்லை. திருச்சிராப்பள்ளியைப் பிடித்து வைத்திருந்த சந்தா சாகிபுக்குத் தஞ்சை மீது கண் இருந்தது. தானே காரைக்காலைப் பிடித்துத் தருகிறேன் என்று அவர் முன்வந்தார். அவர் படையில் வேலை பார்த்த பெரேரா என்ற ஸ்பானியர் குதிரைப்படையோடு போய் ஊரை எடுத்துக் கொடுக்க, 1739 பிப்ரவரியில் பிரெஞ்சுக் கொடி ஏறியது. பிறகு தஞ்சையில் பட்டமேறிய பிரதாபசிங்கும் அதை ஒப்புக்கொண்டார். அரசலாற்றுப் பாசனத்தில் நெல் விளையும் கிராமங்கள் அவை. புதுச்சேரிக்கு அரிசி, கம்பெனிக்குக் குத்தகை வருமானம். பூர்போனில் காபிக் காட்டைக் கட்டிக் காத்தவருக்கு நெல் வயலின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. நாணய உரிமைக்கான முயற்சி லெனுவார் காலத்திலேயே தொடங்கிவிட்டது. காரைக்காலை துய்மா தேடிப் போகவில்லை, தஞ்சையின் குழப்பம் அதைக் கொண்டுவந்து வாசலில் வைத்தது. ஆகவே இதில் கொள்கை என்ன இருக்கிறது, நல்ல நேரம்தானே என்று கேட்கலாம். வாய்ப்புகள் அவர் உண்டாக்கியவை அல்ல என்பது சரி. ஆனால் நாடிழந்து நிற்கும் ஓர் இளவரசனிடம் முன்பணமாக வெள்ளியைக் கொடுப்பது எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் கை நடுங்கும் வேலை. பணம் போனால் பாரிஸில் இருக்கும் இயக்குநர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த இயக்குநர்கள் நாடு பிடிக்கச் சொன்னவர்கள் அல்ல, பங்காதாயம் கேட்பவர்கள். துணி வாங்கப் போட வேண்டிய பணத்தை நிலத்தில் போடத் துணிந்தவர், நிலம் பணத்தைத் திருப்பித் தரும் என்று முன்பே கண்டிருக்க வேண்டும். அந்தக் காட்சியை அவர் கண்ட இடம் பூர்போன்.

இதைவிடக் கனமான மறுப்பு இன்னொன்று. பூர்போன் வேறு, தமிழகம் வேறு. அந்தத் தீவில் எதிர்த்துப் பேச அரசனும் இல்லை, பழைய குடியும் இல்லை. சவுக்கும் சட்டமும் போதும். இங்கேயோ நவாப், நிஜாம், தஞ்சை மன்னர், மராட்டியர், டச்சுக்காரர், சென்னையில் ஆங்கிலேயர் என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் ஊர். தீவுப் பாடம் இங்கே எப்படிச் செல்லும்? இந்த மறுப்பில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். பேச்சுவார்த்தைக் கலையை துய்மா பூர்போனில் கற்றிருக்க முடியாது. அதைக் கற்றுக் கொடுத்தவர்கள் புதுச்சேரியின் துபாஷிகள். தலைமைத் துபாஷியாக இருந்த கனகராய முதலியார் போன்றவர்கள்தான் எந்தத் தர்பாரில் யாரைப் பிடிக்க வேண்டும், எந்த நசர் எந்தக் கைக்கு முதலில் போக வேண்டும் என்று அறிந்தவர்கள். குவர்னரின் சாமர்த்தியம் என்று பிரெஞ்சு நூல்கள் பதிந்திருப்பவற்றில் கணிசமான பங்கு தமிழ் வணிகர்களின் சாமர்த்தியம். ஆனந்தரங்கப் பிள்ளையின் குறிப்பைப் படிப்பவருக்கு இதில் ஐயம் வராது. எப்படிப் பெறுவது என்பது இங்கே கற்றது. எதைப் பெற வேண்டும் என்பது தீவில் கற்றது. என் வாதத்துக்கு இந்த இரண்டாவது பாதி போதும்.

1740-ஆம் ஆண்டு இரண்டும் ஒன்றாக வெளிப்பட்டன. ரகோஜி போன்ஸ்லேயின் மராட்டியப் படை ஆற்காட்டு நவாபின் கர்நாடகச் சீமைக்குள் இறங்கியது. மே 20-ஆம் தேதி தாமல்செருவுக் கணவாயில் நவாப் தோஸ்த் அலி கொல்லப்பட்டார். இன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் இருக்கிறது அந்த இடம். ஆற்காட்டில் ஆள்பவர் இல்லை. சில நாட்களில் நவாபின் குடும்பம் யானைகளோடும் பல்லக்குகளோடும் செல்வத்தோடும் புதுச்சேரிக் கோட்டை வாசலில் வந்து நின்றது. கதவைத் திறந்தால் மராட்டியர் பகை; திறக்காவிட்டால், நவாபின் மகன் சப்தர் அலி மீண்டும் எழுந்தால் அவர் பகை. துய்மா ஆலோசனைச் சபையைக் கூட்டிப் பேசிவிட்டுக் கதவைத் திறந்து, மரியாதையோடு உள்ளே அழைத்தார். சந்தா சாகிபின் மனைவியும் மகனும்கூட அடைக்கலம் பெற்றார்கள். அவர்களையும் செல்வத்தையும் ஒப்படை, பழைய கப்பப் பாக்கியையும் கட்டு என்று ரகோஜி எழுதிக் கேட்டார், துய்மா மறுத்தார். இதற்குள் மதில்களைச் செப்பனிட்டிருந்தார், தானியம் சேர்த்திருந்தார், படையும் திரட்டியிருந்தார். ஐரோப்பியர் சுமார் 1,200 பேர், ஐரோப்பிய முறையில் ஆயுதம் ஏந்திய முஸ்லிம் வீரர்கள் நாலைந்தாயிரம் பேர் என்பது 19-ஆம் நூற்றாண்டில் எழுதிய வரலாற்றாசிரியர் மேலெசனின் கணக்கு. மேலெசனுக்கு துய்மா மேல் கொஞ்சம் மயக்கம் உண்டு, எண்ணைத் தாராளமாகவே போட்டிருக்கலாம். ஆனால் உள்ளூர் ஆட்களை ஐரோப்பிய முறையில் பழக்கும் வேலை இங்கே தொடங்கியதில் சந்தேகமில்லை. பின்னாளில் தென்னிந்தியாவின் தலையெழுத்தை மாற்றிய சிப்பாய்ப் படைக்கு இது ஒரு வித்து. தப்பியோடிய அடிமைகளைப் பிடிக்கக் குடியேறிகளுக்குத் துப்பாக்கி கொடுத்துப் பழக்கிய தீவின் குவர்னர் இவர் என்பதை மறந்துவிட்டு இந்தப் படையைப் பார்க்கக் கூடாது.

ரகோஜிக்கு துய்மா அனுப்பிய பிரெஞ்சு மதுப்புட்டிகள் அவருடைய அந்தப்புரத்தில் பிடித்துப் போனதால் புதுச்சேரி தப்பியது என்று ஒரு கதை சுவையாகச் சொல்லப்படுகிறது. புட்டிகள் போயிருக்கலாம். மதில், பீரங்கி, திருச்சிராப்பள்ளியைப் பிடிக்கும் அவசரம் ஆகிய மூன்றும் இல்லாமல் மது மட்டும் ஒரு முற்றுகையைத் தடுத்தது என்பதை நான் நம்பவில்லை. 1741 மார்ச்சில் திருச்சிராப்பள்ளி வீழ்ந்தது. சந்தா சாகிப் கைதியாக வடக்கே கொண்டுபோகப்பட்டார். புதுச்சேரி தொடப்படவில்லை.

அடைக்கலத்துக்குக் கிடைத்த கூலிதான் துய்மாவின் கணக்குப் புத்தியை முழுக்கக் காட்டுகிறது. சப்தர் அலி நன்றியாகப் புதுச்சேரிக்குத் தெற்கே நிலம் கொடுத்தார். அது துய்மாவுக்குத் தனிப்பட்ட கொடை. தில்லியிலிருந்து நவாப் பட்டமும் 4,500 குதிரை மன்சப்தார் பதவியும் வந்தன. இவர் பேராசைக்காரர், கொள்கைக்காரர் இல்லை என்று சொல்பவர்கள் இந்த நிலக்கொடையைத்தான் சுட்டுவார்கள். அந்தக் காலத்துக் கம்பெனி அதிகாரிகளில் சொந்த வியாபாரம் செய்யாதவர் யார்? சம்பளத்தை நம்பி யாரும் கடல் தாண்டவில்லை. துய்மா பணம் சேர்த்தார், தயக்கமில்லாமல் சேர்த்தார். ஆனால் பட்டத்தை அவர் கையாண்ட விதம் வேறு. அது தன்னோடு முடியக் கூடாது, தனக்குப் பின் வரும் குவர்னருக்கும் செல்ல வேண்டும் என்று கேட்டு அனுமதி வாங்கினார். வெறும் பேராசைக்காரனுக்கு அடுத்தவன் மார்பில் தொங்கப்போகும் பதக்கத்தைப் பற்றி என்ன கவலை? முகலாய அரசின் படிநிலையில் ஒரு நிரந்தர இடத்தைப் பதவிக்கு, அதாவது கம்பெனிக்கு, எழுதி வாங்கியிருக்கிறார். நாணயத்தில் பிறையைப் போட்டதும் இதுவும் ஒரே மனம் செய்த வேலை.

அவர் போர் செய்யவில்லையே, அவரை எப்படி நாடு பிடிப்பவர் வரிசையில் வைப்பது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. மலபார்க் கரையின் மாஹேயில் மட்டும் சண்டை வந்தது. 1741-இல் பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே கப்பல்களோடு போய் அதை முடித்துக் கொடுத்தார். மற்றபடி துய்மா பீரங்கியைக் காட்டினாரே தவிர வெடித்தது குறைவு. இதை வணிகனின் அச்சம் என்று சிலர் படிக்கிறார்கள். ஆறே ஆண்டுகளில் நாணயச் சாலை, நெல் கிராமங்கள், பழக்கிய படை, முகலாயப் பட்டம் இத்தனையும் கடன் பெருகாமல் வந்து சேர்ந்தன என்றால், அச்சம் என்ற சொல் பொருந்தவில்லை. செலவைப் பார்த்துச் செய்தார், அவ்வளவுதான். பிறகு துப்ளெக்ஸ் காலத்தில் வந்த கடனையும் போர்ச் செலவையும் பாரிஸ் இயக்குநர்கள் எப்படிப் பார்த்தார்கள், 1754-இல் அவரை எப்படித் திரும்ப அழைத்தார்கள் என்பதை நினைத்தால் துய்மாவின் சிக்கனத்துக்கு வேறு மதிப்பு வருகிறது.

துய்மா புதுச்சேரியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நாட்களில் சேலம் சீமை மைசூர் அரசின் கீழ் இருந்தது. சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் தங்கள் நாடுகளில் தினையும் கேழ்வரகும் விதைத்துக்கொண்டிருந்தார்கள். வாழவந்தியில் ஒரு காபிச் செடி கிடையாது. துய்மாவின் கையிலிருந்து காக்பர்னின் கைக்கு விதை எதுவும் நேராக வரவில்லை. அப்படிக் கோடு இழுப்பது பொய். பின்பற்றப்பட்டது அதிகாரியின் வேலை முறை. கம்பெனி என்றால் கிடங்கு மட்டும் அல்ல, கிராமமும் அதன் விளைச்சலும்தான் என்று துய்மா காரைக்காலில் காட்டினார். ஆங்கிலேயர் 1765-இல் வங்காளத்தின் திவானி உரிமையில் அதையே பேரளவில் செய்தார்கள். 1792-க்குப் பின் கம்பெனி அதிகாரிகள் ரீடும் மன்றோவும் சேலத்தில் நிலம் அளந்தபோது அது கிராமந்தோறும் இறங்கியது. காக்பர்ன் மலையில் ஊன்றிய செடி அந்த அளவைக்குப் பிறகு வந்தது. ஒரு வேறுபாட்டையும் குறித்துவிட வேண்டும்: பூர்போனில் காபி கம்பெனியின் கட்டாயம், ஏற்காட்டில் அது கலெக்டரின் சோதனையாகத் தொடங்கி, பிறகு வெள்ளைத் தோட்டக்காரர்களின் சொத்தானது. மலையாளிகளின் நிலத்துக்கு இரண்டாவது வழி எந்த அளவுக்கு இதமாக இருந்தது என்பது தனி அத்தியாயத்துக்குரிய விஷயம்.

துய்மா 1741 அக்டோபரில் கப்பலேறினார். பிரான்சில் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவராகி, சில ஆண்டுகளில் இறந்தார். வங்காளத்துச் சந்திரநாகூரில் இருந்த துப்ளெக்ஸ் 1742 ஜனவரியில் புதுச்சேரிப் பொறுப்பை ஏற்று, முதல் வேலைகளில் ஒன்றாக நவாப் பட்டத்தை ஊரறியச் சூடிக்கொண்டார். துய்மா எழுதி வாங்கி வைத்திருந்த பட்டம்தான் அது. அதை அவர் செலவழித்த விதத்தை அடுத்த வாரம் பார்க்கலாம்.